எட்டு மதிப்பெண்கள் இட்டு ஒன்றை மட்டும் காட்டுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளுக்குப் படிக்கவும் பணிபுரியவும் செல்வோர் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விண்ணப்பிக்கும் முறையும் கட்டண விவரங்களும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால், பலரை மீண்டும் மீண்டும் கட்டணம் செலுத்தவைக்கும் எழுத்துப் பகுதி எவ்வாறு மதிப்பிடப்படுகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற பின் செவிலியர்களுக்கும் மாணவர்களுக்கும் அத்தேர்வுகளுள் ஒன்றான ஐஇஎல்டிஎஸ்-க்கு எழுத்துப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில், அக்குறையை நிரப்பவும் ஒரு கோரிக்கையை முன்வைக்கவும் இதை எழுதுகிறேன்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் 60 நிமிடங்களுக்குள் இரண்டு விடைகளை எழுத வேண்டும். முதல் விடை குறைந்தது 150 சொற்கள். உயர்கல்விக்குச் செல்வோருக்கான அகாடமிக் பிரிவில் அது வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பதாகவும், பணிக்கும் குடியேற்றத்துக்குமான ஜெனரல் டிரெயினிங் பிரிவில் கடிதமாகவும் இருக்கும். இரண்டாவது, குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. முதல் விடையைப்போல் இதற்கு இரு மடங்கு மதிப்பு உண்டு. கேட்ட கேள்விக்கு முழுமையாக விடையளிக்கப்பட்டிருக்கிறதா, கருத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோவையாகச் செல்கின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் பலவகை வாக்கிய அமைப்புகளுடனும் பிழையின்றியும் இருக்கிறதா என்ற நான்கு அளவுகோல்களால் ஒவ்வொரு விடையும் தனித்தனியே அளக்கப்படுகிறது. நான்குக்கும் சம மதிப்பு. ஆக, ஒரு தேர்வருக்கு எட்டு மதிப்பெண்கள் இடப்படுகின்றன. அவர் கைக்கு வரும் அறிக்கையிலோ எழுத்துத் திறனுக்கு நேரே ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. விடைத்தாளும் திருப்பித் தரப்படுவதில்லை.

இதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு செவிலியரின் அனுபவம் காட்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுசெய்துகொள்ள கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 பேண்டும் (பேண்ட் என்பது 9 வரை செல்லும் மதிப்பெண் நிலை) எழுத்தில் 6.5 பேண்டும் தேவை. எழுத்துக்கும் 7 என்று இருந்த நிபந்தனை 2018இல்தான் தளர்த்தப்பட்டது. இவர் கேட்டலில் 7.5, வாசித்தலிலும் பேசுதலிலும் 7, எழுத்தில் 6 பெற்றிருந்தார். சராசரி 6.875, விதிப்படி அது 7 ஆக முழுமையாக்கப்படுகிறது. மொத்தம் 7 என்று அச்சிட்ட அறிக்கை கையில் இருந்தும் அரை பேண்ட் குறைவால் அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. அவர் முன்பு படித்த பயிற்சி மையத்தில், இலக்கணம் போதவில்லை என்று சொல்லி மாதக்கணக்கில் இலக்கணப் பயிற்சிகளையே எழுதவைத்திருக்கிறார்கள்.

நான் அவரிடம் நான்கு நாடுகளின் மின் நுகர்வைக் காட்டும் ஒரு கோட்டு வரைபடத்தைக் கொடுத்து எழுதச் சொன்னேன். இலக்கணத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய எண்ணை வரிசையாக எழுதிச் சென்றாரே தவிர, மூன்று நாடுகளில் நுகர்வு உயர்ந்து ஒன்றில் மட்டும் சரிந்தது என்ற பொதுப்போக்கை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்தப் பொதுப்பார்வை தெளிவாக இருந்தால்தான், கேள்விக்கு முழுமையாக விடையளித்தல் என்ற முதல் அளவுகோலில் 7 பேண்ட் கிடைக்கும். அது இல்லாமல் விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கும் விடைக்கு 5 என்று வெளியிடப்பட்ட விதியே சொல்கிறது. முதல் அளவுகோலில் மட்டும் மதிப்பெண் சரிந்திருப்பதை அறிக்கை காட்டியிருந்தால், அவர் இலக்கணத்தோடு இத்தனை மாதங்கள் போராடியிருக்க மாட்டார்.

இந்த ஒற்றை எண்ணின் மறைவில்தான் டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்த வாசகங்களின் வணிகமும் செழிக்கிறது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை, பத்திதோறும் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ போன்ற இணைப்புச் சொற்கள், பட்டியலிட்டு மனப்பாடம் செய்த அரிய சொற்கள் ஆகியவற்றை விற்கிறார்கள். மதிப்பீட்டு விதிகளோ நேர்மாறாக இருக்கின்றன. இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாக விழுவது 6 பேண்டின் அடையாளம். மேல்நிலையிலோ பத்திகளின் இணைப்பு வாசகரின் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும். அரிய சொல்லை இடம் தெரியாமல் போட்டால் சொல்வளத்துக்கான மதிப்பெண்ணும் குறையும். மனப்பாடப் பகுதிகளை அடையாளம் காண மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி உண்டு. கிராமத்திலிருந்து கடன் வாங்கிப் படிக்க வரும் பிள்ளைகளிடம் இவற்றைச் சொல்லாமல் பணம் பறிப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

மறுமதிப்பீட்டுக்கு வழி இருக்கிறது. தேர்வு நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் விண்ணப்பிக்கலாம், மதிப்பெண் உயர்ந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதிலும் வருவது ஓர் எண்தான். கணினி வழித் தேர்வு எழுதியவர்கள் ஒரு திறனை மட்டும் 60 நாட்களுக்குள் மீண்டும் எழுதும் வசதி 2023 முதல் இந்தியாவிலும் உள்ளது. எல்லா நிறுவனங்களும் அம்மதிப்பெண்ணை ஏற்பதில்லை என்றாலும் நல்ல ஏற்பாடுதான். ஆயினும், எந்த அளவுகோலில் தவறினோம் என்று தெரியாதவர் அந்த 60 நாட்களில் எதைத் திருத்திக்கொள்வார்?

விவரங்களை வெளியிட்டால் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் வழக்காடுவார்கள் என்ற தயக்கம் தேர்வை நடத்துவோருக்கு இருக்கலாம். ஆசிரியப் பணியில் இருந்தவன் என்பதால் அது எனக்குப் புரிகிறது. ஆனால், அளவுகோல்களின் விளக்கம் ஏற்கெனவே பொதுவெளியில் இருக்கிறது. மதிப்பெண்களும் ஏற்கெனவே இடப்படுகின்றன. புதிதாக மதிப்பிட வேண்டியது எதுவுமில்லை. விடைத்தாளைத் தருவதால் வினாக்கள் கசியும் என்றால் அதை விட்டுவிடலாம். இத்தேர்வின் உரிமையாளர்களான பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியக் கல்வி நிறுவனமான ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும், குறிப்பாக 2021இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் இந்திய ஐஇஎல்டிஎஸ் பிரிவை வாங்கி இங்கு தேர்வை நடத்திவரும் ஐடிபியும், இரு விடைகளுக்கும் நான்கு அளவுகோல்களில் கிடைத்த மதிப்பெண்களைத் தேர்வரின் இணையக் கணக்கிலாவது வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி