செல்போன் இருக்கும் ஊரில் ரோமியோ ஏன் சாகவேண்டும்?

பழைய துன்பியல் நாடகங்களை இன்றைய கதையாக்கிப் படமெடுக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். ஷேக்ஸ்பியர் மேல் கை வைக்காதே, பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் மேல் கை வைக்காதே என்று சண்டைக்கு வரவில்லை. தாராளமாக வையுங்கள். 2000-இல் வந்த ‘ஹாம்லெட்’டில் டென்மார்க் நாடு ஒரு கம்பெனியாகிவிடும், ஹாம்லெட்டாக நடித்த ஈதன் ஹாக் வீடியோ கடையில் அலமாரிகளுக்கு நடுவே நடந்தபடி ‘இருப்பதா, சாவதா’ என்று யோசிப்பார். எனக்குப் பிடித்த காட்சி அது. என் குறை வேறு. உடையை மாற்றுகிறீர்கள், ஊரை மாற்றுகிறீர்கள், ஆனால் கதாநாயகனால் ஏன் தப்பிக்கவே முடியாது என்ற காரணத்தை மட்டும் பழைய நாடகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள்.

ரோமியோவையே எடுத்துக்கொள்வோம். ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்துத் தூங்குகிறாள் என்ற கடிதத்தோடு கிளம்பும் ஜான் பாதிரியாரை, கொள்ளைநோய் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர் என்று சந்தேகப்பட்டு உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். கடிதம் போய்ச் சேராது, அவள் செத்துவிட்டாள் என்று நம்பி ரோமியோவும் செத்துப்போவான். அன்றைய பார்வையாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1592, 93-இல் லண்டனில் நாடக அரங்குகளையே கொள்ளைநோய் மூடவைத்திருந்தது. பாஸ் லர்மனின் 1996 படத்தில் அந்த இடத்தில் கூரியர்காரர் வருகிறார், ஆள் இல்லை என்று சீட்டு வைத்துவிட்டுப் போகிறார், ரோமியோ அதைக் கவனிக்கவில்லை. படம் எனக்குப் பிடிக்கும்தான், ஆனாலும் ஊரையே பூட்டும் நோய் எங்கே, கவனிக்காத சீட்டு எங்கே? அதுவாவது 1996. இன்று எடுப்பவர்கள் போனில் சார்ஜ் இல்லை, டவர் கிடைக்கவில்லை என்று ஒரு ஷாட் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

முடியாத காரியமா என்றால், இல்லை. விஷால் பரத்வாஜ் ‘மக்பூல்’ (2003) எடுத்தபோது ‘மெக்பெத்’ நாடகத்தில் ஜோசியம் சொல்லும் சூனியக்காரிகளை மும்பை போலீஸ்காரர்கள் இரண்டு பேராக மாற்றினார். இவர்கள் ஜோசியமும் சொல்வார்கள், அது பலிக்கும்படி வேலையும் பார்ப்பார்கள்! சூனியத்தை நம்பாத ஆள்கூட அந்த இரண்டு பேரை நம்பித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் இயக்குநர் சோஃபி டெராஸ்பின் ‘ஆன்டிகனி’ (2019). சோஃபக்ளீஸின் நாடகத்தில் ஆன்டிகனி, மன்னன் ஆணையை மீறி அண்ணன் பிணத்தைப் புதைக்கிறவள். படத்தில் அது வேறு மாதிரி. மாண்ட்ரியாலில் குடியேறிய ஒரு குடும்பம். ஒரு சகோதரனைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிடுகிறது, இன்னொருவன் சிறையில், நாடுகடத்தப்படும் நிலையில். ஆன்டிகனி முடியை வெட்டிக்கொண்டு அவனைப் போல உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அவனை வெளியே அனுப்புகிறாள். பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று ஆணையிடும் மன்னன் இந்தப் படத்தில் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவனா, சட்டமா என்ற இடத்தில் அவள் அன்று நின்ற மாதிரியே நிற்கிறாள், சட்டமும் அன்று மாதிரியே இறங்கி வர மறுக்கிறது. டெராஸ்ப் முதலில் காரணத்தைத் தேடியிருக்கிறார், வேஷமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

கிளைமாக்ஸ் ரொம்ப கனமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள் என்று தயாரிப்பாளர் கேட்பார், தெரியும். புது வியாதி இல்லை அது. 1681-இல் நேஹம் டேட் என்பவர், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கடைசியில் செத்துப்போகும் லியர் மன்னனைப் பிழைக்கவைத்து, அங்கே செத்துப்போகும் மகள் கார்டிலியாவுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார். ஏறத்தாழ 150 வருடம் ஆங்கில மேடையில் அந்த வடிவம்தான் ஓடியது. இன்று அதை யார் நடிக்கிறார்கள்?

நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்களாலேயே துரத்தப்பட்டுப் புயல் மழையில் அலைகிறவர் லியர். அவரைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, உங்களில் யாராவது கட்டாயம் அதை ஒரு தொழிலதிபர் கதையாக எழுதிக்கொண்டிருப்பீர்கள். சொத்து பிரிக்கும் காட்சியில் பக்கத்தில் ஒரு வக்கீல் இருப்பாரே, அவர் ஏன் தடுக்கவில்லை? மகள்கள் துரத்தினால் அந்தப் பெரியவர் ஏன் கார்டைத் தேய்த்து ஒரு ஹோட்டலில் ரூம் போடவில்லை? இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு, அப்புறம் மழைக் காட்சிக்குத் தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன்