வாழைக்குப் போகும் குளியல் நீரும் சலவைத் தூளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோடை வந்தால் குளியலறைத் தண்ணீரைச் செடிக்குத் திருப்பிவிடுங்கள் என்ற யோசனை தவறாமல் வருகிறது. நல்ல யோசனைதான். கிணற்றடித் தண்ணீர் கொல்லை வாழைக்குப் பாய்ந்தது நமக்குப் பழக்கமான காட்சி. ஆனால் அன்று பாய்ந்த நீரில் சீயக்காயும் அரப்பும் இருந்தன. இன்று சலவைத் தூள் கரைந்து வருகிறது. இதைச் சொல்லாமல் குழாயை மட்டும் திருப்பச் சொன்னால், களிமண் தோட்டங்கள் சில வருடங்களில் வீணாகிவிடும்.

முதலில் அளவைப் பார்ப்போம். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20. நான்கு பேர் உள்ள வீட்டில் குளியல் நீர் மட்டுமே 220 லிட்டர். கோடையில் வாழை ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 20 லிட்டர் என்று வைத்தாலும் பத்து வாழைக்குத் தாராளமாகப் போதும். கழிப்பறை நீரை இதில் சேர்க்கவே கூடாது. குழந்தையின் மலத் துணி அலசிய நீரும் சாக்கடைக்கே போக வேண்டும். பாத்திரம் கழுவும் நீரில் வரும் எண்ணெய் மண்ணின் துளைகளை மூடும் என்பதால் அதையும் தள்ளி வைப்பது நல்லது.

சுற்றிலும் மண் தரை உள்ள வீட்டுக்குத் தொட்டி, மோட்டார், வடிகட்டி எதுவும் தேவையில்லை. வாழைக் கட்டைக்கு அருகே 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி எடுத்து, தேங்காய் மட்டையும் காய்ந்த இலையும் நிரப்பினால் போதும். குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். அதன் வாயை மண்ணுக்குள் புதைத்தால் வேர் உள்ளே ஏறி அடைத்துக்கொள்ளும். மட்டைக்கு நான்கு அங்குலம் மேலே வாயை நிறுத்தி, அடி உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். முடியையும் நூலையும் பிடிக்கக் குழாய் வாயில் நைலான் வலை கட்டி, வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மட்டை மக்கி அமுங்கும்போது புதிதாகப் போடாவிட்டால் நீர் மேலே தேங்கிக் கொசு முட்டையிடும்.

இனி சலவைத் தூள். அதன் பெரும்பகுதி சலவை சோடா போன்ற சோடிய உப்புகள். உடல் அழுக்கை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்றுவிடும்; சோடியத்தை எந்த உயிரும் தின்னாது. அது களிமண் துகள்களைப் பிணைத்திருக்கும் கால்சியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். பிறகு நீர் ஊற்றினால் இறங்காது. காய்ந்தால் ஓடு கட்டும். பெசன்ட் நகர் போன்ற மணல் பகுதியில் மழை இதைக் கழுவிக்கொண்டு போய்விடும். வேளச்சேரிக் களிமண்ணில் அப்படி நடக்காது.

சோதிப்பது சுலபம். காய்ந்த மண் கட்டி ஒன்றைக் கோலிக்குண்டு அளவில் எடுத்து, ஒரு தம்ளர் மழைநீரில் மெதுவாக வைத்து அசைக்காமல் விடுங்கள். மறுநாள் கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கி நின்றால் சோடியம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது இடுகிறார்களே, அதே ஜிப்சம்தான் மருந்து. சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேல்மண்ணில் கொத்திவிட்டால், ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை விரட்ட, அதை மழை கீழே இறக்கிவிடும். அதைவிடச் சோடியத்தை ஏற்றாமலிருப்பதே மேல். துவைக்கும் இயந்திரத்தின் முதல் நீரைச் சாக்கடைக்கு அனுப்புங்கள், அலசும் நீரை மட்டும் தோட்டத்துக்கு விடுங்கள். இதற்கு ஒரு மூன்று வழி வால்வு போதும். தூளை விடத் திரவச் சோப்பில் பொதுவாகச் சோடியம் குறைவு. பிளீச்சிங் கலந்த நீர் வேண்டவே வேண்டாம்.

மாடித் தோட்டத்துக்கு ஏற்றுவதென்றால் மட்டும் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை தேவை. 7 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் நீர் கசியாத தொட்டி கட்டி முக்கால் அங்குல ஜல்லி நிரப்பினால், 220 லிட்டர் நீர் ஏறத்தாழ இரண்டு நாள் தங்கித் தெளியும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு மூன்று அங்குலம் கீழேயே நிற்கும்படி வெளியேறும் குழாயின் எல்போவை (வளைவுத் துண்டை) வையுங்கள். தெளிந்த நீரையும் ஒரு நாளுக்கு மேல் சேமிக்காதீர்கள், நாறும். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இந்த நீர் கூடாது. மற்றவற்றுக்கும் இலை நனையாமல் வேரடியில் விடவேண்டும்.

இன்னொரு தவறு பரவலாக நடக்கிறது. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியிலேயே குளியல் நீரையும் விடுகிறார்கள். அழுக்கைச் செரிக்கும் உயிர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. ஆழக் குழி அதைத் தாண்டி நீரை இறக்குவதால், சோப்பும் கிருமியும் நேரே கிணற்றுக்குப் போகும்.

புது வீடு கட்டுவோர் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் தனித்தனிக் குழாய் வைக்கும்படி கொத்தனாரிடம் வரைபட நிலையிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது ஆகும் கூடுதல் செலவு சில குழாய்த் துண்டுகள்தான். டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் தரையையே உடைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்