பிளெக்ஸில் இடம் கிடைக்காதவர்களுக்கு

நான் ஜெர்மனி கிளம்பிய வாரம் நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள், பலருக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சுற்றிலும் வட்ட வட்டமாகப் பெரியவர்கள் முகம். அதில் பாதிப் பேரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்பாகத்தான் வைத்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்காக நிஜமாக அலைந்தவர்கள் ஒருத்தர்கூட அதில் இல்லை. அதற்குத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லஸ்கர் தாத்தா, ஆற்று மதகுகளைத் திறந்து மூடுகிறவர். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீரியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். நெட்டில் கிடைக்கிற மாதிரிக் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு, படித்தால் எனக்கே தூக்கம் வந்தது. பேசாமல் மூணாறு தலைப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். தாத்தா கிரீஸ் படிந்த விரலால் அளவுக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இதுல அரை அடி குறைஞ்சா கடைமடைக்காரன் போன் எனக்குத்தான் வரும் பாப்பா" என்றார். ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தாலும் இங்கே வந்து சேர எத்தனை நாளாகும், முறை வைத்து விடும்போது எந்த ஊர்க்காரர் ராத்திரியில் ஷட்டரைத் தூக்கப் பார்ப்பார், எல்லாம் சொன்னார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். இடம் கிடைத்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கடிதம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்புறம் இ-சேவை மையத்து அக்கா. சர்வர் தொங்குகிற நேரமெல்லாம் என்னைத் திருப்பி அனுப்பாமல், "நீ வீட்டுக்குப் போ, வந்ததும் நானே எடுத்து வைக்கிறேன்" என்று வருமானச் சான்றும் வில்லங்கச் சான்றும் எடுத்து வைத்த மனுஷி.

கடன் கதை தனி. ஒரு வங்கியில் பட்டா, சிட்டா எல்லாம் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நஞ்சை நிலத்தை அடமானமாக எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அப்போது தஞ்சாவூர் அத்தை, "பத்திரம் பீரோவுல சும்மாதானே கிடக்கு" என்று மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுத்தார். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாதே, பிறகு எதற்கு இவ்வளவு கடன் என்று கேட்டவர்களுக்கு: விசாவுக்கு ஒரு வருடச் செலவை முன்னாலேயே ஒரு கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். நான் வந்த சமயம் அது 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும், வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். சான்றிதழ் சரிபார்க்கிற ஏபிஎஸ்ஸுக்கே 18,000 ரூபாய். அத்தை இல்லையென்றால் நான் இன்னும் மன்னார்குடி பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருப்பேன்.

இங்கே வந்ததும் கைகொடுத்தவர் ஒரு புதுக்கோட்டை அண்ணன். நான் இறங்கியது சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் ஞாயிறு, ஊரில் மளிகைக் கடைகள் அநேகமாகத் திறக்காது. அவர் வைத்துவிட்டுப் போன ஒரு சட்டி ரசமும் அரைக்கிலோ அரிசியும் இல்லையென்றால் பட்டினிதான். இரண்டு வாரத்துக்குள் வீட்டு முகவரியைப் பதியவேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனதும், காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதே, மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் வருடம் அந்த இருட்டு என்னை ரொம்பப் படுத்தியது. பொங்கலன்று பெர்லினில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனபோது, என் முகத்தைப் பார்த்தே ஒரு அம்மா இன்னொரு கரண்டி பொங்கல் வைத்து, "வடிவாச் சாப்பிடு பிள்ளை" என்றார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அவர் இதைப் படிக்கப்போவதும் இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

சந்தோஷமும் நிறைய இருக்கிறது. சாயங்காலம் எல்பே ஆற்றங்கரையில் சைக்கிள் விட்டால் அந்த வாரத்துத் தலைவலியெல்லாம் போய்விடும். லஸ்கர் தாத்தா, நீங்கள் கேட்டீர்களே, அந்த ஆற்றில் வெள்ளம் வருமா என்று. வரும். சாதாரண நாளில் இரண்டு மீட்டருக்குள் ஓடுகிற ஆறு 2002 ஆகஸ்ட் 17 அன்று 9.40 மீட்டர் வரை ஏறியதாம். வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டபோது பக்கத்தில் இருந்த பையனிடம் கொள்ளிடத்தைப் பற்றி விடாமல் பேசினேன். பாவம், அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அம்மா, அப்பா, உங்களுக்கு நன்றி சொன்னால் போனில் திட்டுவீர்கள், அதனால் விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் தேர்வு, அதனால் இந்தப் பொங்கலுக்கு வர முடியாது. குறுவைக்குத் தண்ணீர் விடும்போது வரப் பார்க்கிறேன். யாருக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். சாக்லேட் வேண்டாம், வெயிலில் உருகிவிடும். அத்தைக்கு மட்டும் கிலோ கணக்கு கிடையாது.