பின்வார் இல்லாமல் வந்த சர்க்கரை நோயாளி செருப்பு: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது, 18 வருஷமாகச் சர்க்கரை. உங்கள் தளத்தில் ‘சர்க்கரை நோயாளிகளுக்கானது, வழுக்காது’ என்று போட்டிருந்த எம்சிஆர் (நுண்துளைகள் உள்ள மெத்தென்ற ரப்பர்) செருப்பை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் குதிகாலைச் சுற்றி வார் இருந்தது. வந்த ஜோடியில் இல்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், காலுக்கு மெத்தென்று இருக்கிறது என்று அம்மா சொன்னதால் விட்டுவிட்டேன், அது என் தப்புதான்.

அந்த வார் அழகுக்கு என்று நினைத்துவிட்டீர்கள் போல. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் செருப்பு கழன்றதே தெரியாது. டாக்டர் நைலான் இழையால் அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது 10 இடங்களில் 4 இடத்தில்தான் ‘தெரியுது’ என்றார். போன மாதம் ஒருநாள் கொல்லையிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு சமையலறை வரைக்கும் நடந்து வந்துவிட்டார், நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்தே பார்த்தார்.

விழுந்தது அதற்கு அடுத்த வாரம். துவைக்கிற கல் பக்கத்தில் கொஞ்சம் ஈரம், பாதி கழன்று திரும்பிக்கொண்ட செருப்பை அவரே மிதித்து, சறுக்கி, கையை ஊன்றிவிட்டார். வலது மணிக்கட்டு உடைந்து 6 வாரம் மாவுக்கட்டு. இடுப்பு எலும்பு தப்பியதே பெரிய விஷயம். அப்புறம் செருப்பைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு கோடு வெட்டுகூட இல்லை, பலகை மாதிரி வழவழவென்று இருக்கிறது. உள்ளே எம்சிஆர் மெத்தென்று இருந்தால் போதாது, தரையைப் பிடிக்கக் கீழே வெட்டு விழுந்த கெட்டி ரப்பர் வேண்டும் என்பது எங்கள் தெருமுனையில் செருப்பு தைப்பவருக்கே தெரிகிறது.

உங்களுக்குப் போன் செய்தால், ‘யூஸ் பண்ணின செருப்பைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்’. சரி, இரண்டாவது முறை பேசிய பெண் என்ன சொன்னார் தெரியுமா? ‘வீட்டுக்குள்ள செருப்பே வேண்டாம், சாக்ஸ் போட்டு நடக்கச் சொல்லுங்க.’ டைல்ஸ் தரையில் சாக்ஸோடு! உணர்ச்சி இல்லாத காலுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும் என்பதால்தானே இதை வாங்கினேன்.

செருப்பின் பணமும், எக்ஸ்ரே, மாவுக்கட்டுக்கு ஆன 6,400 ரூபாயும் வேண்டும், பில் இணைத்திருக்கிறேன். படத்தில் இருக்கிற வாரைச் செருப்பில் வையுங்கள், இல்லையென்றால் படத்தை எடுங்கள். அடிப்பகுதியை மாற்றும்வரை ‘வழுக்காது’ என்ற வார்த்தையும் அங்கே இருக்கக் கூடாது. 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்வேன், அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம்கூட இல்லை.

செருப்பையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். பதிலை மெயிலிலேயே போடுங்கள். போன் அடித்தால் அம்மா எடுக்க எழுந்து ஓடுகிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்