எம்விஎஸ், ஓஎஸ்/390, இசட்/ஓஎஸ் மூன்றும் ஒன்றே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகையிலும் குன்னூரிலும் பட்டப்படிப்பை முடித்த கையோடு மெயின்ஃப்ரேம் (வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பெரிய கணினி) பயிற்சிக்காகக் கோவைக்கு இறங்கும் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. கோத்தகிரி பஸ் நிலையத்தருகே ஒட்டியிருக்கும் ஒரு பயிற்சி நிலைய நோட்டீஸில் எம்விஎஸ், ஓஎஸ்/390, இசட்/ஓஎஸ் என மூன்று தனிப் பாடங்கள், மூன்றுக்கும் தனிக் கட்டணம். இது அநியாயம். மூன்றும் ஐபிஎம்மின் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம்தான். பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறியது.

1964-ல் சிஸ்டம்/360 இயந்திரத்தோடு அறிவிக்கப்பட்ட ஓஎஸ்/360-தான் மூலம். அதில் எம்எஃப்டி வகைக்கு மெமரியை முன்கூட்டியே பகுதி பிரித்து வைக்க வேண்டும். எம்விடி வகையோ ஜாப் (கணினிக்குக் கொடுக்கும் ஒரு வேலை) கேட்கிற அளவுக்குப் பிரித்துக் கொடுக்கும். எம்விடியோடு வெர்ச்சுவல் மெமரி (டிஸ்க்கையும் சேர்த்து மெமரியைப் பெரிதாகக் காட்டும் முறை) சேர்ந்து ஓஎஸ்/விஎஸ்2 ஆயிற்று. அதன் முதல் ரிலீஸில் எல்லா ஜாப்புக்கும் சேர்த்தே 16 எம்பிதான். 1974-ல் வந்த இரண்டாம் ரிலீஸில் ஒவ்வொரு ஜாப்புக்கும் தனித்தனி 16 எம்பி கிடைத்தது. அதுதான் எம்விஎஸ், வேலை செய்கிறவர்கள் வாயில் இன்றும் இந்தப் பெயர்தான் வருகிறது. 1980-களில் மெமரி இடத்தைக் குறிக்கும் முகவரி 24 பிட்டிலிருந்து 31 பிட்டாகி 2 ஜிபி வரை எட்டியபோது எம்விஎஸ்/எக்ஸ்ஏ, 1988-ல் எம்விஎஸ்/இஎஸ்ஏ. 1996-ல் வந்த ஓஎஸ்/390, தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த பல மென்பொருள்களை ஒரே கட்டாகச் சோதித்துக் கொடுத்தது. 2001-ல் 64 பிட்டுக்கு வழிவிட்டு இசட்/ஓஎஸ் வந்தது. 2023-ல் வந்தது அதன் 3.1.

உள்ளே பழைய பெயர்கள் அழியவில்லை. ஐஎஸ்பிஎஃப் என்ற திரை மெனுக் கருவியில் ரிலீஸ் எண்ணைத் தாங்கும் வேரியபிளின் பெயர் இன்றும் 'இசட்ஓஎஸ்390ஆர்எல்'தான். ஓடுவது எந்த ரிலீஸ் என்று அறிய கன்சோலில் (சிஸ்டத்தை இயக்குபவரின் திரை) 'டி ஐபிஎல்இன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும்.

வேலையில் கழுத்தைப் பிடிப்பது பெயர் அல்ல, பிட் கணக்கு. பழைய 24 பிட் துணை புரோகிராமைப் புதிய கோபால் (COBOL மொழி) புரோகிராம் அழைத்து, 16 எம்பி கோட்டுக்கு (24 பிட் முகவரி எட்டும் எல்லை) மேலுள்ள டேட்டாவின் முகவரியைக் கொடுத்தால், பழையது மேல் பிட்டுகளை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தொடும். உடனே எஸ்0சி4 அபெண்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் பாதியில் நிற்பது) வந்தால் நல்ல காலம். வராவிட்டால் சத்தமில்லாமல் தப்பான தொகை வெளியே போகும். அழைக்கும் புரோகிராமை டேட்டா(24) ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் அந்த டேட்டா கோட்டுக்குக் கீழேயே நிற்கும். அதேபோல, 24 பிட் புரோகிராம் எஸ்80ஏ என்று மெமரி போதாமல் விழுந்தால் ஜேசிஎல்லில் (ஜாப்பை விவரிக்கும் கட்டளைகள்) ரீஜனை (கேட்கும் மெமரி அளவு) எவ்வளவு கூட்டினாலும் 16 எம்பியில் சிஸ்டம் எடுத்தது போக மீதிதான் கிடைக்கும். ஜாப் லாகில் (ஜாப் ஓடிய பதிவு) ஸ்டெப் (ஜாப்பின் ஒரு படி) முடியும் வரியைப் பாருங்கள்: 'விர்ட்' என்பது கோட்டுக்குக் கீழே செலவானது, 'எக்ஸ்ட்' மேலே செலவானது. எந்தப் பக்கம் நெருக்கடி என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

மெயின்ஃப்ரேமில் ஓடும் மற்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களான விஎஸ்இ, விஎம் இரண்டும் வேறு குடும்பங்கள். டாஸ்/360 வழி வந்தது விஎஸ்இ; பிசியில் இருந்த டாஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விஎம்/370 வழி வந்தது இசட்/விஎம். இவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

பணம் கட்டும் முன் மாணவர்கள் கேட்க வேண்டியவை வேறு. எந்த ரிலீஸில் லாகின் கிடைக்கும்? ஜாப்பை நாங்களே சப்மிட் செய்யலாமா? அபெண்ட் ஆனால் டம்ப் (நின்ற நேரத்து மெமரியின் பதிவு) படிக்கச் சொல்லித் தருவீர்களா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் ஒரு பாடத்துக்குக்கூடப் பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
மெயின்ஃப்ரேம் சிஸ்டம்ஸ் புரோகிராமர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.