போலி என்று அறிவிக்கும் முன் உரியவரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 செப்டம்பரில், நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 2,000 போலி ஆப்பிள் ஏர்பாட்ஸை (கம்பியில்லாக் காதொலிக் கருவிகளை) பறிமுதல் செய்ததாகவும், அசலாக இருந்தால் அவை 3,98,000 டாலர் பெறும் என்றும் அமெரிக்கச் சுங்கத் துறை பெருமையுடன் அறிவித்தது. அத்துறை வெளியிட்ட படத்திலோ, பெட்டியின் மேல் 'ஒன்பிளஸ் பட்ஸ்' என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பிளஸ் என்ற கைபேசி நிறுவனம் தன் சொந்தப் பெயரில் 79 டாலருக்கு விற்றுவந்த பொருள் அது. பலரும் சுட்டிக்காட்டிய பிறகும் துறை பின்வாங்கவில்லை. ஆப்பிள் பதிவுசெய்துள்ள வடிவத்தை ஒத்திருந்தாலே வணிகச் சின்ன மீறல்தான், ஆப்பிளின் பெயர் இருக்க வேண்டியதில்லை என்று விளக்கம் அளித்தது.

வடிவம் ஒத்திருக்கிறதா என்பது நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய கேள்வி. பிறர் பெயரைப் பொறித்து வாங்குபவரை ஏமாற்றும் மோசடியோடு அதைச் சேர்த்து, இரண்டையும் 'போலி' என்று ஊரறியச் சொல்வது பெரும் அநியாயம்.

பெரிய நிறுவனம் இந்தப் பழியைத் தாங்கிக்கொள்ளும். சிறிய இறக்குமதியாளரால் முடியாது. 2014இல் ஸ்பார்க்ஃபன் என்ற அமெரிக்க நிறுவனம் வரவழைத்த சுமார் 2,000 மல்டிமீட்டர்கள் (மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் கருவிகள்) சுங்கத்தில் தடுக்கப்பட்டன. கரிய முகப்பைச் சுற்றிய மஞ்சள் விளிம்பு, அத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் ஃப்ளூக் நிறுவனம் பதிவுசெய்திருந்த தோற்றத்தை ஒத்திருந்தது என்பதே காரணம். செய்தி பரவியதும் ஃப்ளூக் தன் கருவிகளையே ஸ்பார்க்ஃபனுக்கு வழங்க முன்வந்தது. அந்தப் பெருந்தன்மை எல்லாருக்கும் வாய்க்காது.

போலி மின்னணுப் பொருள்கள் ஆபத்தானவை, சோதனை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம், வணிகச் சின்ன உரிமையாளரின் விண்ணப்பத்தின் பேரில் தவறாகத் தடுக்கப்பட்ட பொருளுக்கு அவரிடமிருந்து இழப்பீடு பெற 56ஆம் பிரிவில் வழி வைத்திருக்கும்போது, அதிகாரிகள் நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்க 58ஆம் பிரிவில் இடம் தருகிறது. அதிகாரிகள் தாமாகவே தடுத்துவைக்கும் சரக்கில் நட்டம் முழுவதும் இறக்குமதியாளர் தலையில் விழக்கூடும் என்பதே என் கவலை.

ஆகவே, பெட்டியில் பெயர் அச்சிட்டுள்ள நிறுவனத்திடம் விசாரித்து, இறக்குமதியாளரின் ஆவணங்களைப் பார்த்த பின்னரே பறிமுதல் அறிவிப்பு வெளிவர வேண்டும். தவறு உறுதியானால், அதே இடத்தில் திருத்தமும் வெளியிட்டு, கிடங்கு வாடகையைத் துறையே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்