எதுகை உங்களுக்கு வெறும் தோரணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கவிதைக் கட்டுரையில், “எதுகையும் மோனையும் பாட்டுக்குக் கட்டிய தோரணம், அவிழ்த்துவிட்டாலும் பொருள் அப்படியே இருக்கும்” என்று ஒரு வரி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் கம்பன் பாட்டு உங்களுக்குத் தெரியாததல்ல. பஞ்சி, விஞ்சு, கஞ்சம் என்று நாலடிக்குள் எட்டு இடத்தில் ‘ஞ்ச’. ஞகர ஒற்று முன்னால் நிற்பதால் சகரம் குழைந்து கொஞ்சுகிறது. காது அதில் சொக்கியிருக்கும்போது கடைசி அடி: “வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்”. வஞ்சிக் கொடிக்கும் நஞ்சுக்கும் ஒரே நடை! இராமனுக்கு விரித்த வலையில் நாமும் விழுகிறோம். ‘நஞ்சம்’ இருந்த இடத்தில் ‘விடம்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் அதேதான்; வலைதான் அறுந்துவிடும்.

30 ஆண்டு தமிழாசிரியராக இருந்தவன் நான். இந்தப் பாட்டைப் பொருள் சொல்லாமல் ஒருமுறை வாசித்தேன். கடைசி பெஞ்சுப் பையன், “ஐயா, யாரோ கொலுசு போட்டுட்டு நடந்து வர்றாங்க” என்றான். ஆய்வுக்கு வந்த அதிகாரியோ, “ராகம் போதும், பாடத்தை முடியுங்கள்” என்றார். தேர்வில் ‘எதுகையை எடுத்து எழுதுக’, இரண்டு மதிப்பெண். பாட்டைக் காதால் கேட்டே இராத பிள்ளைகள் முழு மதிப்பெண் வாங்கினார்கள். உங்கள் கட்டுரையாளரும் அப்படி வாங்கியவராக இருக்கலாம்.

வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம் என்று பாட்டின் ஓசை வகைகளான வண்ணம் இருபதைத் தொல்காப்பியர் எண்ணிவைத்தார். வேலையற்றவர் போலும். ‘ஆராரோ’ கேட்டுத் தூங்கும் குழந்தையும் அகராதி புரட்டிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறது போலும்.

கட்டுரையாளரைத் திருத்தச் சொல்லவில்லை. அந்த ஆசை எனக்கில்லை. தங்கள் கவிதைப் பக்கத்தில் செய்யுளின் அடிகளை நடுவில் உடைத்து அச்சிடுகிறீர்கள். அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் அடியெதுகை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால்தான் கண்ணும் காதுக்குத் துணை வரும். போன ஆண்டும் இதை எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை, இடப்பற்றாக்குறையாக இருந்திருக்கும். இனியாவது ஓரடியை ஒரே வரியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் பக்கத்தில் உள்ள நிலாப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்